இரண்டு பல் ஒடிந்த சீப்பு

வில்லியனூர்,
4.2.1979

அன்புள்ள அக்கா,

எப்போதும் முதல் வரியில் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவேன். இன்று அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மாமா அனுப்பிய தந்தி நேற்று வந்தது. ‘எலிசாவுக்குக் காலில் அடி. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்குப் பயமில்லை.’ அவ்வளவுதான். ‘உயிருக்கு’ என்ற சொல் காதில் விழுந்ததுமே அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். “பயமில்லன்னுதாம்மா போட்டிருக்கு” என்று திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினேன். அம்மா நம்பவில்லை. தந்தி கொண்டுவந்த பக்கிரி அண்ணன்தான், “செத்தா அப்படியே போடுவான்மா, காசு கொறைச்சல்தானே” என்று ஆறுதல் சொன்னார். அதைக் கேட்டு இன்னும் அதிகமாக அழுதாள்.

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். அங்கே நெல் அரைக்கிற இரைச்சலில் யாரும் எதுவும் கேட்க முடியாது, அதனால்தான் போயிருப்பார்.

மாமா வேலை செய்கிற, தரைக்கு அடியில் ஓடுகிற அந்த மெத்ரோ ரயிலில்தான் அடிபட்டதா? நம் ஸ்டேஷனில் விழுப்புரம் வண்டி வந்தால் நீ என் கையைப் பிடித்துப் பின்னால் இழுப்பாயே, அவ்வளவு ஜாக்கிரதையான நீ எப்படி அடிபட்டாய்? பள்ளி நூலகத்தில் சுரங்கங்களைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் எலிகள் வரைக்கும் படம் போட்டிருக்கிறார்கள், ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று இல்லை. எதையும் விடாமல் எழுது. அம்மாவுக்கு எதைப் படிக்க வேண்டும், எதைத் தாண்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

உன் தங்கை,
இன்பமேரி

•

பிரான்சு,
18.2.1979

ஏய் இன்பம்,

தாண்ட வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல் போய்விட்டது. கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் வீக்கம் என்று படி. மாதாவின்மேல் ஆணையாகப் பொய் சொல்லச் சொல்லவில்லை, வீக்கமும் இருக்கிறது.

ரயில் என்னை ஒன்றும் செய்யவில்லை, படிதான் செய்தது. இங்கே சுரங்கத்திலிருந்து மேலே வர, தானாக நகரும் படி இருக்கிறது. ஏறி நின்றால் போதும், அதுவே கொண்டுபோய் மேலே விடும். மேலே வந்ததும் படிகள் ஒவ்வொன்றாகத் தட்டையாகித் தரைக்குள் போய்விடும். போகிற வாயில் ஓர் உலோகச் சீப்பு பதித்திருப்பார்கள். படியில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும், சீப்பின் பற்கள் அந்தப் பள்ளங்களுக்குள் உட்கார்ந்திருக்கும். தூசு, காகிதம், விரல் எதையும் உள்ளே விடாமல் அது சீவித் தள்ளிவிடும். அன்றைக்கு அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பல் ஒடிந்திருந்தது. அம்மா கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்த ஊதா நைலக்ஸ் சேலை கட்டியிருந்தேன். மேலே கம்பளிக் கோட்டு. கோட்டுக்குக் கீழே தெரிந்த சேலை ஓரம் அந்தச் சந்தில் போய்விட்டது. சேலை போனது, கால் போனது, நான் விழுந்தேன். தரை துடைக்கிற ஒரு போர்த்துகல்காரி வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். இல்லையென்றால் இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்காது.

இனிமேல்தான் விஷயம். மெத்ரோ நிர்வாகத்திலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பூ கொண்டுவந்தார். ஒரு காகிதமும் கொண்டுவந்தார். ‘தரையைத் தொடும்படியான ஆடையை நான் கவனமாகப் பிடித்துக்கொள்ளாததால் இது நேர்ந்தது’ என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. போடாவிட்டால் விசாரணை வைப்பார்கள்.

விசாரணை வந்தால் அந்தப் படியைக் கடைசியாகச் சோதித்தவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அது யார் தெரியுமா? என்னைக் கட்டியவர், உங்கள் மாமா. அந்தப் பக்கத்து ஸ்டேஷன்களின் படிகளெல்லாம் அவருடைய குழுவின் பொறுப்பு. அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

காகிதம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது.

எலிசா

•

வில்லியனூர்,
4.3.1979

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் படித்தேன். விரலைத் தாண்டிவிட்டேன். அந்த இடத்தில் என் குரல் மாறியிருக்க வேண்டும். அம்மா என்னையே பார்த்தாள், கேட்கவில்லை.

அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “போட சொல்லு கையெழுத்த. சேலைய ஒழுங்கா தூக்கி செருவிக்கலன்னா மிஷினு இன்னா பண்ணும்? மிஷினுக்குக் கண்ணா இருக்கு? கட்டுனவன் வேலைக்கு ஒல வெச்சிட்டு இவ இன்னா சாதிக்கப் போறா?”

எனக்கு இந்தப் பேச்சை வேறு எங்கேயோ கேட்டது போல இருந்தது. நம் தெரு மணியம்மாளை உனக்கு ஞாபகம் இருக்கும். மில்லில் தவிடு கூட்டுவாள், உன் கல்யாணத்தில் எல்லாரையும் கேலி செய்து பாட்டுப் பாடினாளே, அவள்தான். போன தை அறுப்பில் அவள் முந்தானையை மில் பெல்ட் இழுத்துவிட்டது. வலது தோள் பிசகி, இப்போது முறத்தைத் தூக்கிப் புடைக்க முடியாது. வேலை போய்விட்டது. சந்தையில் கீரை விற்கிறாள். அப்போது விசாரிக்க வந்த அதிகாரியிடம், “சேலைதாங்க காரணம்” என்று சொன்னது இன்ஜின் ஓட்டுகிற நம் அப்பாதான்.

“அந்த பெல்ட்டுக்கு முன்னாடி ஒரு கம்பிக் கூண்டு இருந்துச்சாமேப்பா?” என்று கேட்டேன்.

“ஒனக்கு யார்ரீ சொன்னது?”

“மணியம்மா.”

“எண்ண போட தோதுப்படலன்னு மொதலாளி கழட்ட சொன்னாரு, கழட்டுனேன். நீ பரீச்சைக்குப் படி.”

கூண்டு மில்லுக்குப் பின்னால்தான் சாய்ந்து கிடக்கிறது. வாட்ச்மேன் அதில் பாகற்கொடி படரவிட்டிருக்கிறார். நன்றாகக் காய்த்திருக்கிறது. நம் வீட்டுக்குக்கூடப் போன வாரம் கொடுத்தார்.

நான் சின்னப் பெண், எனக்கு யோசனை சொல்லத் தகுதி இல்லை. ஆனால் அந்தச் சீப்பில் பல் ஒடிந்திருந்ததா இல்லையா? ஒடிந்திருந்தது என்றால் காகிதத்தில் அது ஏன் இல்லை?

இன்பமேரி

•

பிரான்சு,
15.3.1979

இன்பம்,

அப்பாவிடம் சொல், நான் சேலை கட்டப் பழகியது அவர் வீட்டில்தான். இடுப்பில் செருகினால் இந்தக் குளிரில் கால் விறைத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியாது.

உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது, அது தெரிந்ததும் எனக்கு இன்னும் கோபமாக வருகிறது. அவர்கள் விதியில் இரண்டு பல் வரைக்கும் ஒடிந்திருந்தால் படியை ஓட்டலாம். மூன்றாவது ஒடிந்தால்தான் நிறுத்த வேண்டும். ஆகவே மாமா தப்பு செய்யவில்லை, அவருடைய மேலாளர் தப்பு செய்யவில்லை, நிர்வாகம் தப்பு செய்யவில்லை. மிச்சம் இருப்பது நானும் சேலையும்தான்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமா சமைக்கிறார், துவைக்கிறார், என்னைத் தூக்கி உட்கார வைக்கிறார், பேசுவதில்லை. கையெழுத்துப் போடு என்றும் சொல்வதில்லை, போடாதே என்றும் சொல்வதில்லை. காகிதத்தை லூர்து மாதா படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். அவர் செபம் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்.

சில நேரம் போட்டுவிடலாம் என்று பேனாவை எடுக்கிறேன். அவருக்கு வேலை போனால் பூரணாங்குப்பத்தில் அவருடைய அம்மாவுக்கு யார் பணம் அனுப்புவது? அடுத்த நிமிடம் இன்னொன்று தோன்றுகிறது. இந்த ஊரில் சேலை கட்டுகிறவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிப் பேர் புதுச்சேரிக்காரிகள். என் கையெழுத்தைக் காட்டியே அவர்களுக்கும் பதில் சொல்வார்கள்.

இதை யாருக்கும் படிக்காதே.

எ.

•

வில்லியனூர்,
28.3.1979

அன்புள்ள அக்கா,

பரீச்சை முடிந்துவிட்டது. முடிந்த மறுநாளே ஒரு சோதனை செய்தேன். அதனால் முதுகில் இரண்டு அடி வாங்கினேன். அடியைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

அம்மாவின் மரச் சீப்பை எடுத்து, பழைய பலகையில் பள்ளம் செதுக்கி, பற்கள் அதற்குள் உட்காரும்படி ஆணி அடித்தேன். பிறகு துணியின் ஓரத்தைப் பலகையோடு சேர்த்து மெல்லச் சீப்பை நோக்கித் தள்ளினேன். எல்லாப் பல்லும் இருந்தபோது எந்தத் துணியும் போகவில்லை, மடங்கி மேலே ஏறிவிட்டது. ஒரு பல்லை ஒடித்தேன். அப்பாவின் காக்கிப் பேண்ட்டு போகவில்லை. என் பாவாடை போகவில்லை. அம்மாவின் நூல் சேலை முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் அம்மாவின் மஞ்சள் நைலக்ஸ் உள்ளே போய்விட்டது. இரண்டாவது பல்லை ஒடித்தேன். நூல் சேலையும் போனது. நைலக்ஸ் போன வேகத்தில் கிழிந்தே விட்டது. பேண்ட்டு அப்போதும் போகவில்லை.

என் பலகை உங்கள் படி ஆகாது என்று தெரியும். ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றியது. இரண்டு பல் வரைக்கும் பரவாயில்லை என்று விதி எழுதியவர் பேண்ட்டு போட்டிருந்திருப்பார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர் வீட்டில் யாரும் சேலை கட்டவில்லை, அவ்வளவுதான்.

அம்மா வந்து சீப்பையும் சேலையையும் பார்த்தாள். “பாஸ்கா பண்டிகைக்குக் கட்ட வெச்சிருந்தேன்டி படுபாவி! படிக்கற பொண்ணு பண்ற வேலையா இது?” முதல் அடி சீப்புக்கு, இரண்டாவது சேலைக்கு. பிறகு நான் எதற்காகச் செய்தேன் என்று சொன்னதும், கிழிந்த ஓரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “எலிசாவுக்கு வீக்கம் மட்டுந்தானா?” என்று கேட்டாள். நான் சொல்லிவிட்டேன் அக்கா. என்னை மன்னித்துவிடு. அம்மா அழவில்லை. அப்பா சாப்பிட வந்ததும், “இனிமே கையெழுத்து கிய்யெழுத்துன்னு எம் பொண்ணுக்கு எழுதச் சொன்னே...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் சோற்றை வைத்தாள். சிலுவையடையாளம்கூடப் போடாமல் அப்பா சாப்பிட்டார்.

கிழிந்த துண்டில் ஒன்றை இதில் வைத்திருக்கிறேன்.

இன்பமேரி

•

பிரான்சு,
10.4.1979

என் கண்ணு இன்பம்,

குருத்து ஞாயிறன்று உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். யாருக்கும் படிக்காதே என்று உனக்குச் சொல்லிவிட்டு நானே படித்தேன். நீ அடி வாங்கிய இடத்தில் சிரித்தார். இத்தனை நாளில் அதுதான் முதல் சிரிப்பு. பிறகு அந்த மஞ்சள் துண்டைக் கையில் வாங்கினார். ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

“நான் பாத்தேன் எலிசா” என்றார். “அந்த வாரம் நான்தான் பாத்தேன். ரெண்டு பல்லு இல்ல. விரல உட்டுக்கூட பாத்தேன், போவல. சரின்னு வந்துட்டேன்.”

“விதிப்படிதானே பாத்தீங்க?”

“விதி இருக்கட்டும். எழுதுனவனுக்கு சேலன்னா இன்னான்னு தெரியாது. எனக்குமா தெரியாது? எங்கம்மா சேல, எங்கக்கா சேல, காலையில நீ கட்டறப்போ மடிப்பு புடிச்சி உட்டதே நான்தானே! அந்த சீப்புகிட்ட குனிஞ்சி பாக்கறப்போ ஒண்ணுகூட ஞாபகத்துக்கு வரல. நானும் அவனாட்டம்தான் பாத்தேன்.”

“வேல போயிடுங்க” என்றேன்.

“போனா ஊர்ல போயி மாடு மேய்ப்பேன், போ.”

“உங்களுக்கு மாடுன்னாலே பயமாச்சே.”

“அப்ப நீ மேயி. நான் பால் கறக்கறேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். மறுநாள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவரே போனார். கையெழுத்து இல்லாமல் மேலாளர் மேசையில் வைத்து, “என் மனைவி போடமாட்டாள். படியைச் சோதித்தவன் நான். விசாரணையில் என்னைக் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் அதோடு தீர்ந்துவிட்டதாம்.

மே மாதம் விசாரணை. வேண்டிக்கொள்.

எலிசா

•

வில்லியனூர்,
24.4.1979

அன்புள்ள அக்கா,

மாமா பேசியதைப் படித்தபோது எழுந்து நின்று படிக்க வேண்டும் போல இருந்தது, நின்றுதான் படித்தேன். என் சரித்திரப் புத்தகத்தில் வருகிறவர்கள் எல்லாரும் வாளோடும் குதிரையோடும் வருகிறார்கள். மாமா கையில் வெறும் ஒரு காகிதம்தான் இருந்தது. எனக்கு அவரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் வைத்திருந்த உன்னை அவரைவிடவும் ஒரு படி மேலாக.

அம்மா தினமும் லூர்து மாதா கோயில் குளத்தைச் சுற்றி வருகிறாள். பரிசுத்த வாரத்தில் அப்பா கடைசி மூன்று நாளும் கோயிலுக்கு வந்தார். மூன்று நாளும் பின்னாலேயே நின்றார்.

நேற்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, “அந்த சீப்ப எப்டி பொருத்துறானுங்கோ? போல்ட்டா, ரிவிட்டா? ஒங்க அக்காவ கேட்டு எழுது” என்றார். ஏன் என்று கேட்டேன். “சொன்னா எழுதேன்டி” என்றார்.

ஆகவே கேட்கிறேன்.

இன்பமேரி

•

பிரான்சு,
27.5.1979

இன்பம்,

அப்பாவிடம் சொல், போல்ட்டுதான். மூன்று துண்டாக இருக்கும், கெட்டுப்போன துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம். அரை மணி நேரத்து வேலை. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் விரல் போனது.

விசாரணை முடிந்தது. நடந்ததைக் கேள், உனக்குச் சிரிப்பு வரும். நான் பொத்தான் தைக்கிற தையல்கடையில் துணி மாட்டும் பொம்மை ஒன்று இருக்கிறது, தலை கிடையாது. முதலாளியம்மாளிடம் கெஞ்சி மாமா அதை இரவல் வாங்கினார். அதிகாரிகள் முன்னால் நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதற்குச் சேலை கட்டினேன். குட்டைக் கால், இடுப்பும் சரியில்லை, கொசுவம் நிற்கவே இல்லை. ஐந்து பெரிய மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஒருவர் ஊக்கு எடுத்துக் கொடுத்தார்.

பயணிகளை நிறுத்திவிட்டுப் படியை ஓட்டினார்கள். முதலில் புதுச் சீப்பு. தலையில்லாத புதுச்சேரிக்காரி பலமுறை மேலே போனாள், ஒன்றும் ஆகவில்லை. ஆடைதான் காரணம் என்றால் இப்போதும் இழுக்க வேண்டுமே என்று மாமா கேட்டார். பிறகு பல் போன பழைய துண்டை மாட்டினார்கள். முதல் தடவை தப்பியது. இரண்டாவது தடவை சரக்கென்று சேலை உள்ளே போய், பொம்மை குப்புற விழுந்தது. சிவப்புப் பொத்தான் அருகே அதே போர்த்துகல்காரியை நிறுத்தியிருந்தார்கள். அவள் அழுத்திவிட்டு, தான் விழுந்ததுபோல அழுதாள். நான் எப்படி விழுந்தேன் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெரிய மேலாளர் நரைத்த தலைக்காரர். குனிந்து, பல் போன இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து தொப்பியைக் கழற்றினார். “இந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன், அம்மா” என்றார். வேறு யாரையும் கைகாட்டவில்லை. அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. அவரை வெறுக்கவேண்டும் என்று போயிருந்தேன், முடியவில்லை.

இனிமேல் ஒரு பல் ஒடிந்தாலே படியை நிறுத்த வேண்டும், எல்லா ஸ்டேஷனிலும். என் ஆஸ்பத்திரிச் செலவு அவர்களுடையது. மாமாவின் வேலை போகவில்லை. ஆனால் நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போய்விட்டது. சந்தேகப்பட்டு அவரே நிறுத்தியிருக்கலாமாம். “ஞாயந்தான்” என்கிறார் மாமா. எனக்கு ஞாயமாகப் படவில்லை, அதைப் பற்றித் தினமும் சண்டை போடுகிறோம். பேசாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ நன்றாக இருக்கிறது.

நேற்று கைத்தடியோடு அந்தப் படியில் ஏறினேன். சேலைதான் கட்டியிருந்தேன். மேலே வந்ததும் மாமா குனிந்து என் சேலை ஓரத்தைப் பார்த்தார், பிறகு சீப்பைப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எங்களைத் திட்டினார்கள்.

எலிசா

•

வில்லியனூர்,
14.6.1979

அன்புள்ள அக்கா,

போல்ட்டு என்று சொன்னதும் அப்பா, “ம்” என்றார். முழுக் கடிதத்தையும் படிக்கச் சொன்னார். நரைத்த தலைக்காரர் தொப்பியைக் கழற்றிய இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அது திங்கட்கிழமை. புதன்கிழமை மத்தியானம் சோற்றுத் தூக்கோடு மில்லுக்குப் போனேன். பின்பக்கம் பாகற்கொடி முழுவதும் தரையில் கிடந்தது. பிஞ்சுகள் வெயிலில் வாடியிருந்தன. வாட்ச்மேன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கூண்டைக் காணவில்லை.

உள்ளே போனேன். கூண்டு பெல்ட்டுக்கு முன்னால் நின்றது. துரு தேய்த்து, சிவப்புச் சாயம் பூசி, நான்கு மூலையிலும் புது போல்ட்டு போட்டிருந்தது. முதலாளி வாசலில் நின்று, “எண்ண போட நேரமாவும் சவரி, சொல்லிட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா, “நேரத்துக்கு முன்னாடியே வந்து போட்டுக்கறேங்க. இது இல்லன்னா நான் இன்ஜின் எடுக்கமாட்டேன்” என்றார். அப்பா முதலாளியிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. முதலாளியும் கேட்டிருக்கமாட்டார் போல, திரும்பிப் போய்விட்டார்.

மணியம்மாள் கீரைக் கூடையோடு உள்ளே நின்றிருந்தாள். அப்பாதான் வரச்சொல்லியிருந்தாராம். அப்பா பெல்ட்டை ஓடவிட்டார். ஒரு நீளக் கழியின் நுனியில் பச்சைச் சேலை ஒன்றைக் கட்டி, கூண்டின் ஓரமாகவே மேலும் கீழும் கொண்டுபோனார். காற்றில் சேலை படபடவென்று கம்பியில் அடித்தது. பெல்ட்டின் பக்கம் இழுத்தது. கம்பிக்குள் போகவில்லை. மறுபடியும் கொண்டுபோனார். மறுபடியும் போகவில்லை.

“அன்னிக்கு இது இருந்திருந்தா நான் கீர விப்பேனா சவரி அண்ணே?” என்று மணியம்மாள் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

அப்பா இன்ஜினை நிறுத்தினார். “கழட்டுனது நான்தான் மணி” என்றார். “அதிகாரிகிட்ட அத சொல்லல. நேத்து போயி சொல்லிட்டு வந்தேன். மொதலாளிகிட்டயும் ஒனக்காக கேட்டிருக்கேன். புடைக்கற வேல வேணாம், மூட்ட வாய் தைக்கற வேல. ஒரு கையால முடியும்.”

“முடியுமா முடியாதான்னு நான் சொல்றேன், நீ சொல்லாத” என்றாள் மணியம்மாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, கூண்டின் கம்பிகளை இடது கையால் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். நான்கு மூலையையும் உலுக்கினாள். அப்பா பக்கத்திலேயே நின்று, பரீச்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்கு நிற்கிற பையனைப் போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ம்... இருக்கு” என்றாள் கடைசியில். பிறகு கழியில் இருந்த சேலையைப் பார்த்தாள். “இது இன்னாத்துக்கு கொடி மாதிரி தொங்குது? குடு இப்படி.” அப்பா அவிழ்த்துக் கொடுத்தார். அதை மடித்துக் கீரைக்கு மேலே வைத்துக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

அம்மா இரண்டு நாளாக வீடு முழுக்கத் தன் பச்சை நைலக்ஸைத் தேடுகிறாள். மஞ்சளைக் கிழித்தவள் நான்தான் என்பதால் சந்தேகமும் என்மேல்தான். நேற்று மறுபடியும் ஓர் அடி வாங்கினேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு, தன் தட்டில் இருந்த மீனை எடுத்து என் தட்டில் வைத்தார்.

இன்பமேரி